காயாத வார்னிஷும் குமணன்சாவடி குல்ஃபியும்

என்னை வாயைத் திறக்கச் சொல்லாத ஆளே கிடையாது. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், "வாயைத் திறந்து சொன்னாத்தானேடா தெரியும்" என்று காதைத் திருகினார். கல்யாணமான புதிதில் என் மனைவி புஷ்பா, "நான் இன்னா செவுத்தையா கட்டிக்கினேன்?" என்று கேட்டாள். சர்ச்சில் பாட்டு நேரத்தில் என் உதடு மட்டும் அசைவதையும் சத்தம் வராததையும் பாட்டு நடத்துகிறவர் கண்டுபிடித்துவிட்டு, ஞாயிறுதோறும் என்னையே பார்த்துக்கொண்டு பாடுவார். நானும் உதட்டை அசைத்துக்கொண்டே அவரைப் பார்ப்பேன்.

பத்தாவது முடித்ததும் பிளம்பர் வேலைக்கு வந்தேன். குழாய் நம்மிடம் பேசாது, நாமும் அதனிடம் பேச வேண்டியதில்லை. எனக்கென்றே செய்துவைத்த தொழில். முகப்பேரில் ஒரு வீட்டுக்குள் போய், சிங்க்குக்கு அடியில் படுத்து, வேலையை முடித்து, "ஆச்சும்மா" என்ற ஒரே வார்த்தையோடு வெளியே வந்துவிடுவேன்.

அப்படிப்பட்ட நான் என் நாற்பத்தொன்பதாவது வயதில், ஒரு சனிக்கிழமை, அரை மணி நேரம் நன்றாக வாயைத் திறந்தேன். அதில் என் மகளின் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

மகள் பெனிட்டா அம்பத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறாள். அங்கேயே வேலை பார்க்கும் டேனி என்ற பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. நல்ல பையன், நம் சபைதான். அவனுடைய அப்பா சீலன் குமணன்சாவடி ஜங்ஷனில் ஐஸ்கிரீம் கடை வைத்திருக்கிறார். கடைக்கு மேலே வீடு. அவருடைய பாதாம் குல்ஃபிக்காகப் பூந்தமல்லியிலிருந்தெல்லாம் ஆள் வரும். பையனின் அம்மா வசந்தா டீச்சர். வீட்டில் எல்லாமே டீச்சர்தான்.

டீச்சருக்கு ஒரே ஒரு நிபந்தனை. சம்பந்தி வீட்டில் குடி இருக்கக் கூடாது. இது வீம்பு இல்லை. அவருடைய மூத்த மகளைக் கட்டிக்கொடுத்த இடத்தில் மாமனார் குடிகாரர். அந்தப் பெண் இரண்டு முறை பெட்டியோடு அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறது. அதனால் டீச்சர் ஜாதகம் பார்க்கிற மாதிரி இதைத்தான் பார்த்தார். புஷ்பா போனில் பெருமையாகச் சொன்னாள்: "எங்க ஊட்டுக்காரர் கோலி சோடா கூட தொடமாட்டாரு டீச்சர்."

அது உண்மை. ஆனால் நான் சோடா தொடாததற்குக் காரணம் ஒழுக்கம் இல்லை, பல்.

ஐந்து வருடமாகவே எனக்குப் பல் கூச்சம். குளிர்ந்த தண்ணீர் பட்டால் கீழ்ப்பல்லிலிருந்து காது வரைக்கும் ஒரு கம்பி போகும். கண்ணில் தண்ணீர் வரும், ஒரு கால் தானாகத் தூக்கிக்கொள்ளும். வெளியே சொல்லவும் வெட்கம். கல்யாண வீட்டில் ஐஸ்கிரீம் கொடுத்தால் உருகும் வரை கையில் வைத்திருந்து பக்கத்துப் பிள்ளைக்குத் தந்துவிடுவேன். நல்ல மனிதர் என்று பெயர். இப்போது பாருங்கள், மகள் போகப்போவது ஐஸ்கிரீம்காரர் வீட்டுக்கு. சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு நாங்கள் போய்ப் பேசி முடிக்க வேண்டும். அவர் கையால் குல்ஃபி தருவார். அதை வாயில் வைத்து நான் ஒற்றைக் காலில் நின்றால் அவர் என்ன நினைப்பார்?

அன்று காலை முகப்பேரில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வாஷ்பேசின் ஒழுகுகிறது என்று கூப்பிட்டார்கள். வேலை முடிந்ததும் அங்கிருந்த நர்ஸ் பாட்டிலில் தண்ணீர் கொடுத்தது. ஃபிரிட்ஜ் தண்ணீர் என்று தெரியாமல் மடக்கென்று குடித்துவிட்டேன். ஸ்பேனர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சத்தம் கேட்டு டாக்டரம்மா உள்ளே இருந்து வந்தார். என் மகளைவிட ஒன்றிரண்டு வயதுதான் கூட இருக்கும்.

"எவ்வளவு நாளா இப்படி அண்ணே?" என்றார். நான் தரையைப் பார்த்தேன். அடுத்த நிமிடம் நாற்காலியில் சாய்த்துவிட்டார். வாயைத் திறக்கச் சொன்னார். (இவருமா!) ஒரு சின்னக் குழாயால் பல் ஓரத்தில் உஸ் என்று காற்று அடித்தார். நாற்காலியைவிட்டு ஒரு சாண் மேலே எழும்பினேன்.

எப்படிப் பல் தேய்ப்பீர்கள் என்று கேட்டார். பெருமையாகச் செய்து காட்டினேன். துருப்பிடித்த குழாயை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற மாதிரி, இருப்பதிலேயே கெட்டியான பிரஷ் வாங்கி, கை வலிக்கத் தேய்ப்பேன். டாக்டரம்மா ஒரு நிமிடம் கண்ணை மூடித் திறந்தார். நான் தேய்த்த தேய்ப்பில் ஈறு கீழே இறங்கி, பல்லின் கழுத்து வெளியே வந்துவிட்டதாம்.

பிறகு அவர் சொன்னதுதான் என் வாழ்க்கையையே புரட்டிப்போட்டது.

"பல்லு மேல எனாமல்னு கெட்டியான ஓடு இருக்கு. கழுத்துப் பக்கம் அந்த ஓடு கிடையாது, ஈறுதான் மூடியிருக்கும். உங்களுக்கு அந்த மூடி போயிடுச்சு. இப்ப உள்ள இருக்கிற டென்டின் வெளிய தெரியுது. பார்க்கக் கல்லு மாதிரி இருக்கும், ஆனா அது முழுக்கக் குழாய் அண்ணே. முடியைவிட மெல்லிசான குழாய், ஆயிரக்கணக்குல. எல்லாம் நரம்பு இருக்கிற பக்கம் போகுது."

நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். "குழாயா?"

"ஆமா."

"உள்ள தண்ணி கீதா?"

"தண்ணி மாதிரி ஒண்ணு இருக்கு. குளிர்ச்சி பட்டா அது சட்டுன்னு நகரும். நகர்ந்தா நரம்பு கத்தும்."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மாடியில் ஒருவர் வால்வைச் சட்டென்று மூடினால், கீழ் வீட்டுச் சுவருக்குள் குழாய் டம்மென்று அடிக்குமே, அதுதான் இது! எத்தனை வீட்டில் சரி செய்திருக்கிறேன்! என் வாய்க்குள்ளேயே ஆயிரக்கணக்கான லைன் ஓடுகிறது, ஒரு பிளம்பருக்கு இது இத்தனை வருடம் தெரியாமல் போயிற்றே! அந்த ஆஸ்பத்திரியில் நான் பேசிய பேச்சைப் புஷ்பா கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பாள். கேள்வி மேல் கேள்வி. டாக்டரம்மாவுக்கும் உற்சாகம் வந்துவிட்டது. வெளியே இரண்டு நோயாளிகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

வைத்தியத்தில் இரண்டு வழி என்றார். ஒன்று, நரம்பைச் சமாதானப்படுத்துவது. கூச்சத்துக்கென்று வரும் சில பேஸ்ட்டில் பொட்டாசியம் உப்பு இருக்கும், அது குழாய் வழியே போய் நரம்பை மெல்ல மெல்ல அடக்கும். இன்னொன்று, குழாயின் வாயை அடைப்பது. சில பேஸ்ட் அதைச் செய்யும். எந்தப் பேஸ்ட்டானாலும் தினமும் தேய்த்து, சில வாரம் பொறுக்க வேண்டும்.

"எனக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு வேணும் டாக்டர்" என்றேன்.

காரணத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டு, அப்படியானால் வார்னிஷ் தடவலாம் என்றார். ஃபுளோரைடு வார்னிஷ். அது பல்லில் ஒட்டிக்கொண்டு குழாய் வாயை மூடும். அதிலிருக்கும் ஃபுளோரைடால் உள்ளே உப்பு படிந்து அடைத்துக்கொள்ளும். இதைக் கேட்டு நான் சிரித்த சிரிப்பில் நர்ஸ் எட்டிப் பார்த்தது. பின்னே என்ன, முகப்பேர் போர் தண்ணீரில் உப்பு அடைத்த குழாய்களைக் குத்திக் குத்தியே கிழவனாகிக்கொண்டிருப்பவன் நான். உப்பு அடைக்க வேண்டிய ஒரே குழாய் என் வாயில் இருக்கிறது, அங்கே அடைக்கவில்லை!

சின்ன பிரஷால் தடவினார். மரப்பிசின் வாசனையும் ஸ்பிரிட் வாசனையும் கலந்து மூக்கில் ஏறியது. இன்றைக்குப் பல் கொஞ்சம் மஞ்சளாகத் தெரியும், எச்சில் பட்டதும் இறுகிக்கொள்ளும், சூடாக எதுவும் வேண்டாம், முறுக்கு மாதிரி கடிக்கிறது வேண்டாம், நாளைக் காலைவரை பல் தேய்க்க வேண்டாம் என்றார். நான் தலையாட்டிக்கொண்டே வெளியே வந்தேன்.

தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. எச்சில் பட்டால் இறுகுமாம்! முப்பது வருடமாகக் குழாய் ஒட்டுகிறவனிடம் சொல்கிற பேச்சா இது? ஜாயிண்ட்டை ஈரம் போகத் துடைக்க வேண்டும், பசை தடவ வேண்டும், காய விட வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் போச்சு. இது என் தொழில் வேதம். படித்த பிள்ளை, பல்லைப் பற்றித் தெரியும், பசையைப் பற்றி நமக்குத்தானே தெரியும் என்று முடிவு செய்தேன். பல்லில் நாக்குப் படாமல், எச்சில் படாமல், நன்றாகக் காற்றுப் பட வைக்க வேண்டும்.

மதியம் சாப்பிடவில்லை. புஷ்பாவும் பெனிட்டாவும் பழத்தட்டோடு ஆட்டோவில் முன்னால் போக, நான் ஸ்கூட்டரில் கிளம்பினேன். ஹெல்மெட் கண்ணாடியை மேலே தூக்கினேன். வாயை முடிந்தவரை திறந்தேன். மதுரவாயல், வானகரம், வேலப்பன்சாவடி வழியாகக் குமணன்சாவடி வரை, மெட்ரோ வேலைத் தூசி, லாரிப் புகை, எல்லாவற்றையும் எதிர்த்து, பல்லைக் காட்டிக்கொண்டே போனேன். சிக்னலில் பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னா அண்ணாத்தே, ஊட்ல அம்மா இட்லி ஊட்டலையா?" என்றார்.

பதில் சொன்னால் நாக்குப் படும். அவரையும் வாயைத் திறந்தபடியே பார்த்தேன். பச்சை விழுவதற்குள்ளேயே அவர் வண்டியை எடுத்துவிட்டார்.

சீலன் வீட்டு வாசலில் இறங்கி ஸ்கூட்டர் கண்ணாடியில் பார்த்தேன். வார்னிஷ் மஞ்சள், அதன் மேல் மெட்ரோ தூசியின் பழுப்பு. ஒரு குட்டிப் பூச்சி வேறு ஒட்டியிருந்தது. பத்து வருடம் வாயில் புகையிலை அடக்கினால்கூட இந்த நிறம் வராது. துடைக்கலாமா? காயாத ஜாயிண்ட்டில் கை வைக்கக் கூடாது. வாயை மூடிக்கொண்டு படியேறினேன்.

உள்ளே எல்லாம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. நான் "ம்" என்றேன், "ம்ம்" என்றேன். ரொம்ப அமைதியானவர் என்று டீச்சர் பாராட்டினார். காபி வந்தது, சூடு, வேண்டாம் என்று கையாட்டினேன். முறுக்கு வந்தது, கையாட்டினேன். கடைசியில் சீலன் வெள்ளித்தட்டில் குல்ஃபி கொண்டுவந்தார். எல்லோருக்கும் கொடுத்தார். தனக்கு மட்டும் ஒரு டம்ளரில் காபி வைத்துக்கொண்டார். நான் இரண்டு கையையும் சேர்த்து ஆட்டினேன். அவர் முகம் விழுந்துவிட்டது. பெனிட்டா என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்க முடியாது.

எங்கள் வழக்கப்படி, பேச்சைத் தொடங்கும் முன் ஒரு ஜெபம் செய்வோம். டீச்சர் மரியாதையாக என் பக்கம் திரும்பினார்.

"பெண்ணோட அப்பா நீங்களே பண்ணுங்க, பிரதர்."

எல்லோரும் கண்ணை மூடினார்கள். இதற்கு மேல் தப்பிக்க வழியில்லை. வாயைத் திறந்தேன். நாக்கு மேல்பல்லில் ஒட்டிக்கொண்டு "ஆண்ழவழே" என்று வந்தது. ஸ்பிரிட் வாசனை அறை முழுக்கப் பரவியது. டீச்சர் ஜெபத்தின் நடுவிலேயே கண்ணைத் திறந்துவிட்டார். நேராக என் பல்லைப் பார்த்தார்.

"ஆமென்" என்று அவரே முடித்தார்.

தட்டில் குல்ஃபி உருகிக்கொண்டிருந்தது. டீச்சர் என்னைக் கேட்கவில்லை, புஷ்பாவைக் கேட்டார், அதுவும் மெதுவாக.

"கோலி சோடா கூட தொடமாட்டார்னு சொன்னீங்களே சிஸ்டர்?"

புஷ்பா திணறினாள். அவளும் நான் தடவிக்கொண்ட மருந்தைப் பற்றி ஒன்றும் அறியாதவள். (நான்தான் வாயைத் திறக்கவில்லையே!) பெனிட்டாவின் கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்ததும் எனக்குள் எந்த வால்வு உடைந்ததோ தெரியாது, எழுந்து நின்றேன்.

"டீச்சர், இது குடி இல்ல, டென்டின்" என்றேன்.

அது இன்னும் மோசமாகப் போனது. டென்டின் என்பது ஏதோ சரக்கின் பெயர் என்று டீச்சர் நினைத்தது முகத்தில் தெரிந்தது. சொன்னால் புரியாது, செய்து காட்ட வேண்டும். கடைக்காரர் வீடாயிற்றே, அலமாரியில் ஒரு கட்டு ஸ்ட்ரா இருந்தது. கை நிறைய எடுத்து ஒன்றாகப் பிடித்தேன். மேஜை மேல் இருந்த ரோஸ்மில்க் ஜாடிக்குள் முக்கினேன்.

"இதான் பல்லு. உள்ள ஃபுல்லா குழாய். இது உள்ள தண்ணி ஆடுது, நரம்பு கத்துது. இப்ப பாருங்க, மேல மூடுறேன்." உள்ளங்கையால் ஸ்ட்ராக்களின் மேல் வாயை அழுத்தி மூடி, ஜாடியிலிருந்து தூக்கினேன். ஒரு சொட்டு விழவில்லை! ரோஸ்மில்க் அப்படியே உள்ளே நின்றது. "ஆடுதா? ஆடலை! வார்னிஷ் இதைத்தான் பண்ணுது! அந்த வாசனைதான் இது!"

நாற்பத்தொன்பது வருடத்தில் ஓர் அறை முழுக்க நான் பேசுவதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. போதை என்றால் அதுதான் போதை. டீச்சருக்குப் பக்கத்தில் போய்க் காட்டினேன். இப்போது பசை காயாவிட்டால் என்ன ஆகும் தெரியுமா என்று கேட்டு, ஆர்வத்தில் கையை எடுத்துவிட்டேன்.

முப்பது ஸ்ட்ரா ரோஸ்மில்க்கும் டீச்சரின் சந்தன நிறப் பட்டுப்புடவை மடியில் இறங்கியது.

கீழே கடை மிக்ஸி ஓடுவது கேட்டது. டீச்சர் மடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அப்போது சீலன் தொண்டையைச் செருமினார்.

"அண்ணாத்தே, ஒரு டவுட்டு. குளிர்ச்சி பட்டா கம்பி மாதிரி காதுக்குப் போவுமே, அதுவா?"

"அதான்" என்றேன்.

"ஒரு கால் தூக்கிக்குமே?"

"உங்களுக்குமா?"

டீச்சர் மெல்லக் கணவர் பக்கம் திரும்பினார். "சுகர்னு சொல்லித்தானே எட்டு வருஷமா குல்ஃபி சாப்பிடலை?"

சீலன் காபி டம்ளருக்குள் பார்த்தார். ஐஸ்கிரீம்காரனுக்குப் பல் கூசுகிறது என்று ஜங்ஷனில் தெரிந்தால் எவன் கடைக்கு வருவான் என்றார். எட்டு வருடமாக அவர் செய்யும் குல்ஃபியின் ருசியைக் கடை ஆள் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறாராம். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் டீச்சர் எழுந்துவிட்டார்.

"நாங்க யோசிச்சுச் சொல்றோம் சிஸ்டர்" என்றார்.

பெண் வீட்டுக்காரர்களுக்கு இதைவிடக் கெட்ட வார்த்தை தமிழில் கிடையாது. பெனிட்டா அழவில்லை, கத்தவில்லை. வீட்டுக்கு வந்ததும், "ஒரு வார்த்தை அம்மாகிட்ட சொல்லியிருக்கலாம்லப்பா" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் சர்ச்சில் அம்மாவுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். அன்றைக்கு என் உதடுகூட அசையவில்லை.

திங்கட்கிழமை மதியம் ஒரு வீட்டில் மோட்டார் பார்த்துக்கொண்டிருந்தேன். புஷ்பா போன் செய்தாள். மூச்சு வாங்கியது.

நடந்தது இதுதான். சீலன் காலையிலேயே டேனி மூலம் பெனிட்டாவிடம் ஆஸ்பத்திரி விலாசம் வாங்கிப் போயிருக்கிறார். டீச்சரும் அரை நாள் லீவு போட்டுக் கூடவே போயிருக்கிறார். கணவரின் பல்லைப் பார்க்க இல்லை, என் கதையைச் சோதிக்க. டாக்டரம்மா சீலனுக்கும் அதே வார்னிஷைத் தடவியிருக்கிறார். அவர் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து, "வசந்தா" என்று வாயைத் திறந்ததும், அதே மஞ்சள், அதே ஸ்பிரிட் வாசனை. இருபத்தெட்டு வருடமாகக் சர்ச் கமிட்டியில் இருக்கும் மனிதர், குடிகாரர் மாதிரி நின்றாராம். டீச்சர் பக்கத்தில் போய் முகர்ந்து பார்த்து, அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாராம். அங்கிருந்தே புஷ்பாவுக்குப் போன். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "நாள் பாருங்க சிஸ்டர், மே மாசம் லீவு இருக்கு" என்றாராம்.

கூடவே இன்னொரு செய்தியும் சொன்னார். எனக்கு அதுதான் வலித்தது. டாக்டரம்மாவிடம், தடவின அன்றைக்கு என்னதான் சாப்பிடலாம் என்று டீச்சர் கேட்டிருக்கிறார். சூடு இல்லாமல், மெத்தென்று எது வேண்டுமானாலும் சாப்பிடலாமாம். எச்சில் பட்டால்தான் இறுகுமாம், நிஜமாகவே. அன்று அங்கே கொடுத்ததில் நான் தாராளமாகச் சாப்பிட்டிருக்கக்கூடிய ஒரே பொருள், சீலன் தட்டில் வைத்து நீட்டிய அந்தக் குல்ஃபிதான்.

கல்யாணம் மே மாதம் நன்றாக நடந்தது. மெத்தென்ற பிரஷ், கூச்சத்துக்கான பேஸ்ட், மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை வார்னிஷ், எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். பந்தியில் சம்பந்திகள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆளுக்கு மூன்று குல்ஃபி சாப்பிட்டோம். சீலன் முதல் கடியில் கண் கலங்கி, "ஏலக்காய் கொஞ்சம் தூக்கலா கீதே" என்றார். எட்டு வருடமாக யாரும் அவரிடம் சொல்லவில்லை.

மகளைப் பார்க்க மாதம் இரண்டு தரம் குமணன்சாவடி போகிறேன். ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் டீச்சர் மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பார். வாங்க என்பதற்கு முன்னால், சௌக்கியமா என்பதற்கு முன்னால், கீழே கடையில் நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்கும்படி ஒரே கேள்விதான்.

"வழியெல்லாம் வாயை மூடிக்கிட்டுத்தானே வந்தீங்க, பிரதர்?"

பிறந்ததிலிருந்து எல்லோரும் என்னைத் திறக்கச் சொன்ன வாயை, மூடச் சொல்கிற ஒரே ஆள் அவர்தான். நானும் தலையை நிமிர்த்தி, மஞ்சள் போன பல் அத்தனையும் தெரிய, ஜங்ஷனுக்கே கேட்கிற மாதிரி, "மூடிக்கினுதான் வந்தேன் டீச்சர்" என்பேன்.